புழுதியை உள்ளே விடும் அசல் எதற்கு?

இந்தியக் கார் வரலாற்றில் சென்னைக்கு வடக்கே உள்ள தொழில் பகுதிக்கு இருக்கும் இடத்தை நாம் அதிகம் பேசுவதில்லை. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி வெளியே அனுப்பியது. அந்த நிறுவனம்தான் 1955-இல் அசோக் லேலண்ட் ஆகி, லாரி, பஸ் பக்கம் திரும்பியது. திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1970-களில் மண் அள்ளும் எந்திரங்களையும் சுரங்க டம்பர்களையும் செய்தது. 1998 முதல் அதே ஊரில் மிட்சுபிஷி லான்சர் கார்களைத் தயாரித்தது. நகரின் மறுமுனையில், பெருங்களத்தூரில், ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961 முதல் ஹெரால்டையும் அதன்பின் கெஸலையும் தந்தது. அந்தக் காலத்துக் கார்களில் தப்பிப் பிழைத்தவை இன்றும் சில வீடுகளின் கொட்டகைகளிலும் பட்டறைகளிலும் இருக்கின்றன. அவ்வப்போது அணிவகுப்புகளில் வந்து நிற்கின்றன. பெயின்ட் பளபளக்கிறது, குரோமியம் மின்னுகிறது. பானட்டைத் திறந்து கார்புரேட்டரின் வாயைப் பார்த்தால்தான் கவலை தொடங்குகிறது. சில கார்களில் ஏர் கிளீனரே இல்லை. சிலவற்றில் அசல் தகர டப்பா இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. வேறு சிலவற்றில் அறுபது வருடத்துக் கம்பிவலைச் சுருள் துருப்பிடித்து உட்கார்ந்திருக்கிறது, ‘அசல்’ என்ற மரியாதையோடு.

இந்த மரியாதை தவறான இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதே என் வாதம். ஒரு பழைய காரில் திரும்பக் கிடைக்காதது அதன் எஞ்சின் பிளாக்கும் கிராங்க்கும் சிலிண்டர் சுவரும்தான். ஏர் கிளீனரின் உள்ளே இருக்கும் வடிகட்டி, தேய்ந்து மாற்றப்படுவதற்கென்றே செய்யப்பட்ட பொருள். அந்த அற்பப் பொருளின் பழமையைக் காப்பாற்ற சிலிண்டரைத் தேயவிடுவது பாதுகாப்பு ஆகாது. அசல் தகர டப்பா வெளியே அப்படியே இருக்கட்டும். உள்ளே நம் பட்டறையில் செய்த புதிய காகித ஃபில்டர் உட்காரட்டும். அது கையால் செய்தது என்பதற்காகக் கூச்சப்பட வேண்டியதில்லை. ஆனால் சோதித்துப் பார்க்காமல் பூட்டியிருந்தால் கூச்சப்பட வேண்டும்.

புழுதி எஞ்சினுக்கு என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். மண்ணிலும் ஜல்லித் தூளிலும் உள்ள குவார்ட்ஸ், மோஸ் அளவுகோலில் 7 கடினம் கொண்டது; வார்ப்பிரும்புச் சிலிண்டர் சுவரைவிடக் கடினமானது. பிஸ்டன் ரிங்குக்கும் சுவருக்கும் இடையே ஓடும் ஆயில் படலம் சில மைக்ரான் தடிமன்தான். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதை நினைத்துக்கொண்டால் அந்த இடைவெளி எவ்வளவு குறுகியது என்பது புரியும். 5 முதல் 20 மைக்ரான் வரையுள்ள துகள்கள் ஆயில் படலத்தைக் குறுக்காகத் துளைத்து இரண்டு பக்கமும் உரசுகின்றன. எஞ்சினை அதிகம் தின்பவை அவையே. கண்ணுக்குத் தெரியும் பெரிய மணலை எந்த வலையும் பிடித்துவிடும். தெரியாத அளவில் இருப்பதைப் பிடிப்பதுதான் ஏர் கிளீனரின் உண்மையான வேலை. கம்பிவலை தோற்பதும் அங்கேதான்.

திருவள்ளூர் மாவட்டத்தின் காற்று இந்த விஷயத்தில் தனி வகை. மீஞ்சூர் பக்கம் வல்லூர், அத்திப்பட்டு அனல் மின் நிலையங்களின் நிலக்கரிச் சாம்பல் லாரி லாரியாகப் போகிறது. செங்குன்றத்தைச் சுற்றி அரிசி ஆலைகள். உமியை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா. மாவட்டத்தின் உள்பகுதிகளில் செங்கல் சூளைகள், கல் குவாரிகள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் அதைச் சுற்றிலும் பழைய இரும்பை உருக்கி வார்க்கும் ஆலைகள், அவற்றுக்குச் சரக்கு ஏற்றி இறக்கும் கனரக வண்டிகள், அந்த வண்டிகள் உடைத்துப்போட்ட சர்வீஸ் ரோடுகள். கொல்கத்தா நெடுஞ்சாலையின் தார்ப்பரப்பில் போகும்வரை பெரிய சிக்கல் இல்லை. அதை விட்டு இறங்கிய அடுத்த நிமிடமே வேறு உலகம். இந்தக் கார்களின் மூல வடிவங்கள் ஈரம் மிகுந்த, தார் போட்ட ஆங்கிலேயச் சாலைகளுக்காக வரையப்பட்டவை. அதை அந்நாட்டு நிறுவனங்களே அறிந்திருந்தன. புழுதி மிகுந்த நாடுகளுக்கென்று ஆயில் பாத் வகை ஏர் கிளீனர்களைத் தனியாக வைத்திருந்தன. நம் ஊருக்கு வேறு ஏற்பாடு வேண்டும் என்பது இன்று முளைத்த எண்ணம் அல்ல, அசல் வடிவமைப்பிலேயே ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம்.

‘இந்தக் கார்கள் வருடத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகின்றன? இவ்வளவு கவலை எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமாகத் தோன்றும் கேள்வி. ஆனால் கணக்குப் போட்டால் நிற்காது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தரும் கார் 100 கிலோமீட்டர் ஓட 75 கன மீட்டர் காற்றை இழுக்கிறது. அந்தக் காற்றில், தேசியத் தர அளவு அனுமதிக்கும் உச்சமான கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம் பிஎம்10 (10 மைக்ரான் வரையுள்ள) தூசி இருப்பதாக வைத்தால், உள்ளே போவது மொத்தம் 7.5 மில்லிகிராம். சிறிய அளவுதான். இப்போது அதே கார் ஒரு குவாரிப் பாதையில், முன்னே போகும் லாரி கிளப்பும் கண்ணை மறைக்கும் புழுதியில், 10 நிமிடம் ஊர்வதாக நினைப்போம். எதிரே ஒன்றும் தெரியாத புழுதி என்று ஃபில்டர் பொறியாளர்கள் குறிப்பது கன மீட்டருக்கு 0.9 கிராம் அளவை ஒட்டியது. மெதுவாக ஊரும் சிறிய எஞ்சின் நிமிடத்துக்கு 300 லிட்டர் காற்றை இழுத்தாலும், 10 நிமிடத்தில் இரண்டரை கிராமுக்கு மேல் தூசி கார்புரேட்டருக்குள் போகும். சுத்தமான சாலையில் 33,000 கிலோமீட்டர் ஓடினால் சேரும் தூசி அது. சாலையோரக் காற்று தர அளவைவிடப் பத்து மடங்கு மோசம் என்று வைத்துக்கொண்டாலும் 3,300 கிலோமீட்டர். பல பழைய கார்கள் சில வருடங்களில்கூட அவ்வளவு ஓடுவதில்லை. ஆக, குறைவாக ஓடும் காருக்குக் கிலோமீட்டர் கணக்கு ஆறுதல் தராது. அது எந்தப் பத்து நிமிடத்தில் எங்கே இருந்தது என்பதுதான் முக்கியம். அணிவகுப்பு மைதானத்தின் பொட்டல் மண்ணில் வரிசையாக ஊர்வதும் அந்தப் பத்து நிமிடத்தில் சேர்ந்ததுதான்.

தேய்ந்தால் ரீபோர் செய்துகொள்ளலாம் என்பார்கள். செய்யலாம், சில முறை மட்டும். அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு, 30 பங்கு, 40 பங்கு என்று துளையை அகலப்படுத்திக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் சுவர் மிஞ்சாது. ஸ்லீவ் அடிக்க வேண்டும். அதற்குமேல் அந்த அளவில் பிஸ்டனும் ரிங்கும் கிடைக்க வேண்டும். ஹெரால்டு எஞ்சினுக்கு அவற்றைச் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடி அலைந்தவர்களுக்கு இதன் கஷ்டம் தெரியும். ஒவ்வொரு ரீபோரும் எண்ணூரிலோ பெருங்களத்தூரிலோ யாரோ ஒரு தொழிலாளி பூட்டிய இரும்பில் கொஞ்சத்தைத் துருவி எறிகிறது. அசலில் அக்கறை உள்ளவர்கள் வருந்த வேண்டியது அந்தத் துருவலுக்காக.

சரி, எப்படிப்பட்டதைச் செய்வது? நம் பகுதி மெக்கானிக்குகளுக்கு மிகவும் பழக்கமானது ஆயில் பாத். ஏரிப்பாசன வயல்களில் உழுத மாசி பெர்குசன் டிராக்டர்கள் பல தலைமுறையாக அதை நம்பித்தான் ஓடின. காற்று கீழ்நோக்கி வந்து ஆயில் பரப்பில் மோதித் திரும்பும்போது, திரும்ப முடியாத கனமான தூசி ஆயிலில் விழுகிறது. தப்பியதை ஆயில் நனைத்த வலை பிடிக்கிறது. கழுவி மீண்டும் பயன்படுத்தலாம், வாங்கும் செலவு இல்லை. நல்ல கருவி. ஆனால் அதன் பலம் முழுவதும் காற்றின் வேகத்தில் இருக்கிறது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது காற்று தளர்கிறது. நுண்ணிய தூசி ஆயிலில் விழாமல் வளைந்து போய்விடுகிறது. முழு வேகத்தில் ஒரே சீராக ஓடும் டிராக்டருக்கு இது பெரிய குறை இல்லை. நின்று நின்று ஊரும் பழைய காருக்குக் குறைதான். ஆயிலைக் கோட்டுக்கு மேல் ஊற்றினால் எஞ்சின் அதையும் சேர்த்து உறிஞ்சும். மடிப்புக் காகித ஃபில்டர் எந்த வேகத்திலும் தூசியில் நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் பிடிக்கிறது. படிந்த தூசியே கூடுதல் வடிகட்டியாகி, கொஞ்ச நாள் ஓடியபின் இன்னும் நன்றாகப் பிடிக்கிறது. ஆகவே என் தேர்வு காகிதம்தான்.

காகிதத்தை நாமே மடிக்க வேண்டும் என்று பொருள் அல்ல. அது ஆலை வேலை. கடையில் கிடைக்கும் ஒரு ஃபில்டர் எலிமென்டைத் தேர்ந்து, அதைப் பழைய டப்பாவுக்குள் காற்றுக் கசியாமல் உட்கார வைக்கும் அடித்தட்டு, மேல்தட்டு, ரப்பர் வளையம் ஆகியவைதான் பட்டறையின் வேலை. அளவைக் குத்துமதிப்பாக வைக்க வேண்டியதில்லை. ஹெரால்டின் 948 சிசி எஞ்சின் நிமிடத்துக்கு 4,500 சுற்றில், கணக்குப்படி, 2,130 லிட்டர் காற்றை இழுக்கும். மாருதி 800-இன் 796 சிசி எஞ்சின் 5,000 சுற்றில் 1,990 லிட்டர் இழுக்கும். இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. தெருமுனைக் கடையில் கிடைக்கும் சிறிய கார் ஃபில்டரின் பரப்பு ஹெரால்டுக்குப் போதுமானதாகவே இருக்கும். ஒரு அளவு பெரியதாகப் போட்டால் இன்னும் நிம்மதி. இப்படி எண்ணை எண்ணோடு ஒப்பிட்டுத் தேர்ந்தெடுப்பதற்கும், டப்பாவுக்குள் நுழைகிறதா என்று மட்டும் பார்த்துத் திணிப்பதற்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது.

இங்கே நியாயமான ஆட்சேபம் ஒன்று எழுகிறது: வீட்டில் செய்த ஏர் கிளீனர் எதுவும் இல்லாததைவிட மோசமாகிவிடாதா? ஆகிவிடும். இதை மழுப்பக் கூடாது. எண்ணெய் டின்னை வெட்டிக் குளியல் ஸ்பாஞ்சை அடைத்தால், பெட்ரோல் ஆவி பட்டு ஸ்பாஞ்சு பொடிந்து எஞ்சினுக்குள்ளேயே போகும். கார்புரேட்டர் வழியே நெருப்பு பின்னடித்தால் அது பற்றிக்கொள்ளும். பழைய கம்பிவலை செய்துவந்த மறைமுகமான நல்ல காரியம் ஒன்று உண்டு, அந்த நெருப்பை அணைப்பது. எனவே காகிதத்துக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே ஒரு உலோக வலை கட்டாயம் வேண்டும். வெல்டிங் தெறிப்பையும் கிரைண்டர் தூளையும் சுத்தம் செய்யாமல் பூட்டினால், தடுக்க நினைத்ததை நாமே கையால் போட்டதாகும். உள்ளே ஒரு நட் கழன்றால் அது போய்ச் சேரும் இடம் வால்வு. எஞ்சினின் பிரீத்தர் குழாய் பழைய டப்பாவோடு இணைந்திருந்தால் புதியதிலும் இணைய வேண்டும். அதைத் திறந்து விட்டுவிட்டால் தூசி பின்வாசல் வழியே ஆயிலில் கலக்கும். இத்தனையும் உண்மை. ஆனால் இவை எல்லாம் அளந்து, பார்த்துத் தவிர்க்கக்கூடிய குறைகள். வெற்றுக் கார்புரேட்டர் வாயைத் திறந்து வைப்பதில் தவிர்க்க எதுவும் இல்லை, குறை நிச்சயம்.

அளப்பதற்கு ஆய்வகம் வேண்டாம். ஃபில்டருக்குப் பின்னால் உள்ள குழாய்ச் சுவரில் கிரீஸை மெல்லியதாகத் தடவி, நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் விரலால் தேய்த்துப் பார்க்கலாம். நெருநெருப்பு இருந்தால் எங்கோ காற்று ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு போகிறது. பெரும்பாலும் காஸ்கெட் ஓரத்தில்தான். மூச்சுத் திணறலை அளக்க, கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் தெளிவான பிளாஸ்டிக் குழாய் போதும். அதை ‘யு’ வடிவில் வளைத்து, பாதி நீர் நிரப்பி, ஒரு முனையை ஃபில்டருக்குப் பின்னால் இணைத்து எஞ்சினை உயர்வேகத்தில் ஓட்டினால், இரண்டு பக்க நீர்மட்டத்தின் வித்தியாசம் ஃபில்டரின் தடையைச் சொல்லும். பூட்டிய நாளின் அளவைக் குறித்துவைத்து, அது கணிசமாக ஏறும்போது எலிமென்டை மாற்ற வேண்டும். மாற்றாமல், சுத்தம் செய்வதாக எண்ணித் தூக்கித் தட்டுவதும் கம்ப்ரசர் காற்றால் ஊதுவதும் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசலை உண்டாக்கும்.

இந்த முறை திருவள்ளூருக்குப் புதிதல்ல. அங்கே செய்யப்பட்ட டம்பர்களின் குலமே அப்படித்தான் பிழைத்தது. சுரங்க எந்திரங்களில் முதலில் காற்றைச் சுழற்றிப் பெருந்தூசியை உதிர்க்கும் ஒரு நிலை, பிறகு முதன்மைக் காகித எலிமென்ட், அதற்குள் பாதுகாப்புக்கென்று இன்னொரு சிறிய எலிமென்ட், தடை ஏறினால் சிவப்புக் காட்டும் ஒரு குமிழ். புழுதியில் வாழும் எந்திரத்துக்கு என்ன வேண்டும் என்ற கேள்விக்குத் தேவையான விடை இந்த மண்ணிலேயே பல பத்தாண்டுகளாகப் புழங்குகிறது. அந்த ஆலைகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களும் அவர்களிடம் தொழில் கற்றவர்களும் இதே மாவட்டத்தில் இருக்கிறார்கள்.

அசல்தன்மை பற்றிய ஆட்சேபத்துக்கு வருவோம். மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் அறிவித்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்கள் விண்டேஜ் வகையில் சேரும். ‘விஏ’ என்ற எழுத்துகளோடு பதிவெண் கிடைக்கும். சேசிஸிலோ, பாடியிலோ, எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. டப்பாவுக்குள் உட்காரும், நான்கு நட்டைக் கழற்றினால் வெளியே வரும் ஒரு ஃபில்டரை எஞ்சின் மாற்றம் என்று எந்த நேர்மையான வாசிப்பும் சொல்லாது. பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீவா, தூரின் சாசனத்தில் சொல்வதன் சாரமும் இதுதான்: செய்யும் மாற்றம் திருப்பி எடுக்கக்கூடியதாக இருக்கட்டும், செய்ததை எழுதி வையுங்கள். கார்புரேட்டரை அறுக்காமல், பிளாக்கில் துளை போடாமல், அசல் கம்பிவலையை எண்ணெய் தடவிப் பொட்டலம் கட்டி காரோடு வைத்துக்கொண்டால் இரண்டும் நிறைவேறுகின்றன. அணிவகுப்புகளில் மதிப்பெண் போடும் நடுவர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. டப்பாவைத் திறந்து பாருங்கள். உள்ளே நல்ல ஃபில்டர் இருந்தால் மதிப்பெண்ணைக் கூட்டுங்கள். ஒன்றும் இல்லாவிட்டால் குறையுங்கள்.

கடையில் கூம்பு வடிவ ரெடிமேட் ஃபில்டர்கள் கிடைக்கின்றனவே என்பதற்குச் சுருக்கமான பதில் போதும். அவை பானட்டுக்குள் சூடான காற்றை இழுக்கும், பழைய டப்பாவை வேண்டாததாக்கும், பிரீத்தருக்கு இடம் வைக்காது, கலவை விகிதத்தைக் குலைக்கும். பொருந்தி வருவது கிடைத்தால் வாங்கலாம்; பழைய கார்களுக்குப் பெரும்பாலும் பொருந்தி வருவதில்லை.

எல்லாவற்றையும்விடக் கனமான ஆட்சேபம் வேறு. மணலியை 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மிகக் கடுமையாக மாசுபட்ட பகுதிகளில் ஒன்றாக அறிவித்தது. கும்மிடிப்பூண்டி ஆலைகளைச் சுற்றிய கிராமத்து மக்கள் கரும்புகையைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். மனிதர்கள் மூச்சுக்குத் தவிக்கும் இடத்தில், வசதி படைத்தவர்களின் பழைய காருக்கு வடிகட்டி தேவையா? இந்தக் கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். மனித நுரையீரலா பிஸ்டன் ரிங்கா என்றால் விடையில் சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டையும் தின்னும் தூசி ஒன்றல்ல. எஞ்சினைத் தேய்க்கும் 5 முதல் 20 மைக்ரான் தூசியில் பெரும்பங்கை நம் மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். நுரையீரலின் ஆழத்துக்குப் போவது 2.5 மைக்ரானுக்குக் கீழானது. உருக்காலைப் புகையில் மிதக்கும் உலோகத் துகள்கள் பெரும்பாலும் அந்த வகை. எஞ்சின் அவற்றை ஆயில் படலத்துக்குள்ளேயே அதிகச் சேதமின்றி விழுங்கிவிடும், மனித உடலால் முடியாது. அதனால் காருக்குப் போடும் ஃபில்டர் மக்கள் பிரச்சினையைத் தொடாது. ஆலைப் புகையை ஆலையின் வாயிலேயே பிடிப்பதற்கு அது மாற்றும் ஆகாது. அந்தக் கோரிக்கை தன் வலுவில் நிற்க வேண்டியது, இந்தப் பழைய கார்களால் அது ஒரு அணுவும் குறையவில்லை. பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் பணக்காரர்கள் என்பதும் உண்மை அல்ல. அப்பா ஓட்டிய ஹெரால்டை விற்க மனம் வராமல், மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒவ்வொரு பாகமாகச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். ரீபோர் செலவு முதலில் முறிப்பது அவர்களைத்தான்.

செய்யக்கூடியது பெரிய காரியமும் அல்ல. சென்னையில் பழைய கார்ச் சங்கங்கள் இருக்கின்றன. அம்பத்தூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை ஷீட் மெட்டல் பட்டறைகளுக்கும் ஐடிஐ மாணவர்களுக்கும் குறைவில்லை. ஹெரால்டு, அம்பாசிடர், ஆஸ்டின் ஏ40 என்று மூன்று எஞ்சின்களுக்கு மட்டும் தொடங்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரைபடம், எந்தக் கடை எலிமென்ட் பொருந்தும் என்ற எண், புதிதாகப் பூட்டியபோது நீர்க்குழாயில் வந்த அளவு, கிரீஸ் சோதனையின் முடிவு. இந்த நான்கையும் யாரும் விலையில்லாமல் எடுத்துக்கொள்ளும்படி தமிழில் அச்சிட்டுத் தரலாம். பட்டறை செய்து தரும் ஒவ்வொரு தட்டின் அடிப்பக்கத்திலும் செய்த தேதியையும் அந்த நீர்மட்ட அளவையும் பொறித்துவிட்டால், அடுத்து அந்த டப்பாவைத் திறக்கும் மெக்கானிக் எதை வைத்து ஒப்பிடுவது என்று தடுமாற மாட்டார்.